புண் ஒன்று, நோய் இரண்டு

கேரி தீவு வரைபடத்தில்தான் தீவு. லங்காட் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால், கடந்து வந்ததே தெரியாமல் செம்பனைக் காட்டுக்குள் நிற்போம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டம் போட்ட வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலத் துரையின் பெயர் தீவுக்கு நிலைத்துவிட்டது. அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே மா மெரி பூர்வகுடிகள் வாழ்ந்த மண் இது. தமிழர்கள் பால் மரம் வெட்ட வந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு குலை வெட்டும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்கு மாறியது. தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பந்திங், கிள்ளான், கோலாலம்பூர் என்று வேலை தேடிப் போனார்கள்.

அப்படி ஒரு வீட்டுப் பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 28. தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். இவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எட்டு மாதமாக வயிற்று வலி. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் தொப்புளுக்கு வலப்பக்கம், கீழே, முறுக்கிப் பிடிக்கிறது. சில நாள் பேதி, சில நாள் ஒன்றுமில்லை. சாயங்காலம் மேல் சுடுகிறது. பெல்ட்டில் இரண்டு புதுத் துளை போட்டாகிவிட்டது.

போன கிளினிக்கிலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: காஸ்ட்ரிக். மலேசியாவில் வயிற்றில் எது வந்தாலும் முதல் பெயர் அதுதான். "நேரத்துக்குச் சாப்பிட மாட்டேங்கிறான் டாக்டர், ரோட்டுக் கடையிலேயே காலத்தைத் தள்றான்" என்று அம்மாவும் சாட்சி சொல்கிறார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை. கடைசியாகப் பார்த்த மருத்துவர் பட்டை கொடுக்கும் முன் படுக்க வைத்து அழுத்திப் பார்க்கிறார். வலப்பக்க அடிவயிற்றில் விரலுக்குக் கீழே தடிப்பாக ஏதோ தட்டுப்படுகிறது.

"தம்பி, இது காஸ்ட்ரிக் மாதிரி தெரியல. கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர்றேன், ஸ்கோப் பண்ணிப் பார்க்கணும்."

இவர் கற்பனை மனிதர். இவருக்கு வந்திருக்கும் சிக்கல் உண்மையானது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளிலும், வேலூரிலும் டெல்லியிலும், குடல் மருத்துவர்களை இன்றும் திணறடிக்கும் கேள்வி ஒன்று இவர் வயிற்றுக்குள் காத்திருக்கிறது.

கடைசி வளைவு

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் வலப்பக்க அடிவயிற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உதடு போன்ற ஒரு வால்வு. பல மீட்டர் நீளச் சிறுகுடலில் ஓடிவந்த உணவுக் கூழ் இங்கே வேகம் குறைந்து தேங்குகிறது. இந்தக் கடைசி வளைவின் சுவரில் பேயர் திட்டுகள் என்ற நோயெதிர்ப்புத் திசுக்கள் மற்ற இடங்களைவிட அடர்த்தியாக இருக்கின்றன. குடலுக்குள் போவோர் வருவோரைச் சோதிக்கும் காவல் சாவடி இது. கிருமியை வழியிலேயே பொறுக்கி எடுத்து ஆராய்வதற்கென்று தனிச் செல்கள் உண்டு.

சோதனைச் சாவடியில் இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம். உண்மையான எதிரி சாவடி வழியாகவே உள்ளே நுழைந்துவிடலாம். எதிரியே இல்லாதபோது காவலர்கள் வழிப்போக்கர்களைச் சுடத் தொடங்கலாம். முதலாவது குடல் காசநோய். காசநோய்க் கிருமி, விழுங்கிய சளி வழியாகவோ காய்ச்சாத பால் வழியாகவோ வந்து, பேயர் திட்டுகளுக்குள் புகுந்து குடியேறிவிடுகிறது. இரண்டாவது குரோன் நோய். குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு அடங்காமல் போர் தொடுக்கிறது. கிருமி உள்ளே நுழைந்தாலும் காவலர்கள் சுட்டாலும் சேதமாவது ஒரே சுவர்தான். அதே இடத்தில் புண், அதே வீக்கம், அதே சுருக்கம், அதே வலி, அதே எடையிழப்பு.

சிகிச்சை மட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். காசநோய்க்குக் கிருமியைக் கொல்ல வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தி துணை நிற்க வேண்டும். குரோன் நோய்க்கு அந்த எதிர்ப்பு சக்தியையே அடக்க வேண்டும். குரோன் என்று எண்ணிக் காசநோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடல் முழுக்கப் பரவலாம், குடல் ஓட்டை விழலாம். காசநோய் என்று எண்ணிக் குரோன் நோயாளிக்கு மாதக்கணக்கில் கிருமி மருந்து கொடுத்தால் கல்லீரல் அடிவாங்கலாம். அதைவிட மோசமாக, அடங்காத அழற்சி அத்தனை மாதமும் குடலைத் தழும்பாக்கிச் சுருக்கிக்கொண்டிருக்கும்.

பிரிந்த கதை

இந்தக் குழப்பம் பழையது. 1913இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் டி. கே. டால்சியல், குடல் தடித்து அடைத்துப்போன சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். பார்த்தால் குடல் காசநோய்தான். ஆனால் தேடித் தேடியும் கிருமி கிடைக்கவில்லை. மாடுகளுக்கு வரும் யோனே நோயோடு இதை ஒப்பிட்டார் அவர். அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. கட்டுரை மறக்கப்பட்டது.

1932இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் பர்ரில் குரோன், லியான் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளின் கதையை வெளியிட்டனர். அதுவரை காசநோய்க் கணக்கிலோ புற்றுநோய்க் கணக்கிலோ எழுதப்பட்டுவந்த ஒரு நோயைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். அந்த நோயாளிகளுக்கு அறுவை செய்த ஏ. ஏ. பெர்க் கட்டுரையில் தம் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் அமைந்ததால் முதலில் நின்ற குரோனின் பெயர் நோய்க்கு வாய்த்தது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காசநோய் குறையக் குறைய இந்தப் பிரிவினை எளிதாயிற்று. சிறுகுடலின் கடைசியில் புண் கண்டால் அங்கே குரோன்தான் என்று பந்தயம் கட்டலாம். காசநோய் மலிந்த ஊரில் பந்தயத்தை மறுபக்கம் கட்ட வேண்டும். மலேசியா இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாடு. 1961இல் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கி, பிறக்கும் குழந்தைக்கெல்லாம் பி.சி.ஜி. ஊசி போட்டும், இன்னும் ஆண்டுதோறும் 20,000 பேருக்கு மேல் காசநோய் பதிவாகிறது. அதே வேளையில் குரோன் நோய் அரிதென்ற நிலையிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கிள்ளானில் ஸ்கோப் பிடிக்கும் மருத்துவர் இரண்டு பக்கமும் சமமாகச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

திரையில் தெரிவது

முதல் நாள் தெளிந்த திரவம் மட்டும். மாலையிலிருந்து உப்புக் கரித்த பேதி மருந்தை லிட்டர் கணக்கில் குடித்து, வெறும் மஞ்சள் நீராகப் போகும்வரை குடலைக் கழுவ வேண்டும். ஸ்கோப்பைவிட இதற்கே ஆட்கள் பயப்படுகிறார்கள். மறுநாள் மயக்க ஊசிக்குப் பிறகு, சுண்டுவிரல் கனமுள்ள குழாய் ஆசனவாய் வழியாகப் பெருங்குடல் முழுக்கச் சுற்றிவந்து அந்த வால்வை எட்டுகிறது.

நல்ல குடலின் உட்சுவர் ஈரமாக, இளஞ்சிவப்பாக, மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோல் தெரிய மினுங்கும். நம் லாரிக்காரரின் திரையில் அந்த வலை மறைந்திருக்கிறது. சுவர் வீங்கி, நடுவில் வெள்ளைப் படலம் மூடிய புண்கள். மருத்துவர் இப்போது புண் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கிறார். குரோன் புண்கள் பெரும்பாலும் குடலின் நீளவாக்கில் கீறியதுபோல் ஓடும்; புண்ணுக்கும் புண்ணுக்கும் நடுவே நல்ல சுவர் தீவுதீவாகத் தங்கியிருக்கும்; சுற்றிலும் வாய்ப்புண் போன்ற சின்னஞ்சிறு குழிகள் சிதறியிருக்கும். காசநோய்ப் புண்கள் குறுக்குவாக்கில், குடலை மோதிரமாகச் சுற்றி வரும். வால்வு அரித்துப்போய், மூடாமல் வாயைப் பிளந்து கிடக்கும்.

பாடப்புத்தகத்தில் இவை இரண்டு தனித்தனிப் படங்கள். உயிருள்ள மனிதர்களிடம் ஒன்றில் பாதி மற்றதில் பாதி கலந்து வருவதுதான் வழக்கம். இவருக்கும் இரண்டு நீளப் புண், ஒரு குறுக்குப் புண், பாதி திறந்த வால்வு. மருத்துவர் ஊசிமுனை அளவு திசுத் துணுக்குகளை ஒவ்வொரு புண்ணின் விளிம்பிலிருந்தும் கிள்ளி எடுக்கிறார். சிலவற்றை நுண்ணோக்கிக்கும் சிலவற்றைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்புகிறார்.

நுண்ணோக்கியில் தேடப்படுவது கிரானுலோமா. நோயெதிர்ப்புச் செல்கள் எதையோ சுற்றிவளைத்து முற்றுகையிட்டு உருண்டையாகத் திரண்ட நிலை அது. இரண்டு நோயிலும் இது வரும். வேறுபாடு எதில் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நோயியலாளர் அன்னா புலிமூடும் சக மருத்துவர்களும் 1990களின் இறுதியில் திசுத் தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினார்கள். காசநோயில் உருண்டைகள் பெரியவை, எண்ணிக்கையில் அதிகம், ஒன்றோடொன்று சேர்ந்து படர்பவை. நடுவில் திசு செத்துத் தயிர்க்கட்டியாகிக் கிடந்தால் ஐயத்துக்கே இடமில்லை. குரோன் நோயில் அவை சிறியவை, ஒன்றிரண்டாகத் தனித்து நிற்பவை. இந்தியாவில் நடந்த இந்த ஒப்பீடு உலகம் முழுக்கக் குடல் நோயியலாளர்களுக்குக் கைகொடுத்தது. கிள்ளிய துணுக்கில் உருண்டையே அகப்படாமல் போனால் மட்டும் இந்த அறிவாலும் பயனில்லை. அப்படிப் போவது அடிக்கடி நடக்கிறது.

மற்ற சோதனைகளும் இதே கதைதான். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். திரவ ஊடகத்தில் முடிவு சொல்லவே ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். அதன் மரபுப் பொருளைச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் கருவி சளியில் திறமையாக வேலை செய்கிறது. குடல் திசுவில் கிருமிகள் மிகக் குறைவு என்பதால் பலமுறை கோட்டைவிடுகிறது. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் குடலில் காசநோய் இருக்கலாம். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற வெள்ளணுப் புரதத்தை அளந்தால் குடலில் அழற்சி உண்டா என்று தெரியும், யாரால் அழற்சி என்று தெரியாது. சி.டி. படத்தில் நிணநீர்க் கட்டிகளின் நடு கரைந்திருந்தால் காசநோய்ப் பக்கம் தராசு சாய்கிறது. குடலைச் சுற்றிக் கொழுப்பு கூடி, இரத்தக் குழாய்கள் சீப்புப் பற்கள்போல் வரிசையாக நின்றால் குரோன் பக்கம்.

எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகும் நம்மவரின் தாளில் கேள்விக்குறி நிற்கிறது. இனி என்ன செய்வது?

மருந்தே சோதனை

ஆசியக் குடல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டு வரும் வழி இது: ஐயம் தீராவிட்டால் முதலில் காசநோய் மருந்தைக் கொடு; குணமானால் காசநோய், இல்லாவிட்டால் குரோன். காரணம் எளிது. காசநோயாளிக்குத் தவறி ஸ்டீராய்டு கொடுப்பது உயிருக்கு ஆபத்து. குரோன் நோயாளிக்குத் தவறிக் காசநோய் மருந்து கொடுப்பது, குறுகிய காலம் என்றால், தாங்கக்கூடிய நஷ்டம்.

ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் நான்கும் சேர்ந்த மாத்திரைகள் முதல் இரண்டு மாதம். அடுத்த நான்கு மாதம் முதலிரண்டு மட்டும். ரிஃபாம்பிசின் உள்ளே போன அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் இரத்தம் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். மருந்தை நாள்தோறும் தாதியின் கண்முன்னே விழுங்க வேண்டும் என்பது விதி. நள்ளிரவில் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும் லாரிக்காரருக்கு இந்த விதி எவ்வளவு பெரிய சுமை என்பதை நோயின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இரண்டு மாதம் கழிகிறது. அவர் சிரித்த முகத்தோடு வருகிறார். வலி பாதி குறைந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. "டி.பி.தான், மருந்து வேலை செய்யுது" என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மருத்துவர் வழுக்கி விழக்கூடிய இடம் இதுதான்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் வினீத் அகுஜா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழுக்கலை அளந்து காட்டியது. காசநோய் மருந்து சாப்பிட்ட குரோன் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்களுக்குத் தேவலை என்றே சொன்னார்கள். அந்த மருந்துகளில் சில குடலின் பொது பாக்டீரியாக்களையும் அடக்குவதால் அழற்சி சற்றுத் தணிந்திருக்கலாம். குரோன் நோய் தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் கொண்டதும் ஒரு காரணம். ஆனால் மறுபடி ஸ்கோப் செய்து பார்த்தபோது, காசநோயாளிகள் அனைவருக்கும் புண் ஆறியிருந்தது. குரோன் நோயாளிகளில் ஆறியது 20 பேரில் ஒருவருக்குத்தான்.

நோயாளியின் சொல்லும் தராசின் முள்ளும் இந்த ஒரு விஷயத்தில் நம்பக்கூடிய சாட்சிகள் அல்ல. புண்ணைத்தான் கேட்க வேண்டும். அதனால் மருந்து தொடங்கி இரண்டு, மூன்று மாதத்திலேயே மறுபடி ஸ்கோப் செய்யச் சொல்கிறார்கள். ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருப்பதும், போதவில்லை என்று ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று நீட்டுவதும் பழைய பழக்கம். காசநோய் மருந்தில் கழிந்த காலம் நீள நீளக் குரோன் நோயாளியின் குடல் சுருங்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பதை அதே எய்ம்ஸ் மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். உண்மையான வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதமே போதும் என்பதும் அங்கே கோவிந்த் மகாரியா குழு செய்த சோதனையில் 2015இல் உறுதியானது.

இரண்டாம் ஸ்கோப். நம்மவரின் திரையில் குறுக்குப் புண் அப்படியே இருக்கிறது. நீளப் புண்கள் ஆழமாகியிருக்கின்றன. முதல் முறை இல்லாத சின்னக் குழிகள் இப்போது பெருங்குடலிலும் தெரிகின்றன. தேவலை என்று சொன்னவரின் குடல் தேவலையாக இல்லை. நோய் குரோன்.

அடக்கும் மருந்துகள்

பெயர் தெரிந்துவிட்டதால் வேலை முடியவில்லை. காசநோய் ஆறு மாதக் கணக்கு. குரோன் ஆயுள் கணக்கு. இன்றைய மருத்துவத்தில் அதை முழுமையாக ஒழிக்க வழியில்லை, உறங்க வைக்க வழி உண்டு.

முதலில் ஸ்டீராய்டு. சில நாட்களில் பசி திரும்பும், வலி போகும். முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறுவதால் அதை நெடுநாள் தர முடியாது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் மலேசியத் தமிழரிடையே இது சின்ன எச்சரிக்கை அல்ல. அதன் இடத்தைப் பிடிக்க அசத்தியோபிரின் வரும். இதிலும் ஆசியர்கள் கவனிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. இந்த மருந்து சிலருக்கு வெள்ளணுக்களை அபாயமாகச் சரித்துவிடும். மேலை நாடுகளில் அதை முன்கூட்டி அறிய ஒரு மரபணுச் சோதனை இருந்தது. ஆசிய நோயாளிகளில் அந்தச் சோதனையில் தேறியவர்களுக்கும் வெள்ளணு சரிந்தது. 2014இல் கொரிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். என்.யூ.டி.டி.15 என்ற வேறொரு மரபணுவின் மாற்றம் அது. ஐரோப்பியரிடம் அரிது, கிழக்காசியரிடமும் இந்தியரிடமும் கணிசம். வெள்ளையரை வைத்து எழுதிய பாடம் எல்லா உடம்புக்கும் பொருந்துவதில்லை.

அடுத்த படி உயிரியல் மருந்துகள். அழற்சியை மூட்டிவிடும் டி.என்.எஃப். என்ற தகவல் புரதத்தைப் பிடித்துக் கட்டும் இன்ஃபிளிக்ஸிமாப், 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. எதற்கும் ஆறாத புண்கள் ஆறின. மூன்றே ஆண்டில் அதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. 2001இல் வெளிவந்த ஓர் அறிக்கை, இந்த மருந்துக்குப் பிறகு காசநோய் கண்ட 70 பேரைப் பட்டியலிட்டது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே. உடலுக்குள் பல்லாண்டாக உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி கட்டி நிறுத்துவதும் டி.என்.எஃப்.தான். வேலியை எடுத்தால் கிருமி எழுகிறது. அதனால் உயிரியல் மருந்து தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும் உறங்கும் காசநோய்க்கான இரத்தச் சோதனையும் கட்டாயம். குரோன் என்று தீர்ப்பான பிறகும் காசநோய் கூடவே நடந்து வருகிறது.

குடல் ஏற்கெனவே சுருங்கிவிட்டால் கத்திதான் வழி. சுருங்கிய பகுதியை வெட்டி எறிந்தால், நோய் மறுபடி வரும்போது இன்னொரு பகுதி, பிறகு இன்னொன்று என்று குடலே குட்டையாகிப் போகும். வெட்டாமல், நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து, சுருக்கத்தை விரித்துவிடும் அறுவை ஒன்று உண்டு. அதை முதலில் இந்திய அறுவை மருத்துவர்கள் காசநோய்ச் சுருக்கங்களுக்குச் செய்து 1977இல் எழுதினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இமானுவேல் லீ அதைக் குரோன் நோயாளிகளுக்குச் செய்து 1982இல் வெளியிட்டார். பிரித்தறிய முடியாமல் மருத்துவர்களைப் படுத்திய இரண்டு நோய்களின் ஒற்றுமை, இந்த ஓரிடத்தில் நோயாளிக்கு உதவியது.

ஏன் நமக்கு?

லாரிக்காரரின் அம்மாவுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "நம்ம பரம்பரையிலேயே யாருக்கும் இல்லாதது இவனுக்கு எப்படி வந்துச்சு?"

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவைச் சுற்றி, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இடா ஹில்மியும் உடனிருந்தோரும் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். குரோன் நோயும் அதன் நெருங்கிய உறவான பெருங்குடல் புண் அழற்சியும் சேர்ந்து, ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்கு? மலாய்க்காரரில் 7, சீனரில் ஏறக்குறைய 7, இந்தியரில் 25. இவர்களில் பெருங்குடல் அழற்சிக்காரர்களே அதிகம் என்றாலும் இந்த வேறுபாடு கண்ணை உறுத்துகிறது. புதிய நோயாளிகளின் விகிதம் இரண்டு பத்தாண்டுகளில் சுமார் 10 மடங்காகியிருந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது.

உடனே மனம் இரத்தத்துக்குத் தாவும்: இந்திய மரபணு. அதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய தெற்காசியரிடையே பெருங்குடல் அழற்சி வெள்ளையரைவிட அதிகம் என்று 1992இலேயே ஆய்வு சொன்னது. பஞ்சாபில் 2003இல் வெளியான கணக்கெடுப்பில் அதே நோய் ஒரு லட்சத்துக்கு 44 பேருக்கு இருந்தது. அதுவரை இந்தியாவில் இது அரிது என்றே நம்பியிருந்தார்கள். ஆனால் 2001இல் குரோன் நோயோடு முதன்முதலாகத் தொடர்புபடுத்தப்பட்ட மரபணுவான நாட்2இன் புகழ்பெற்ற மூன்று மாற்றங்கள் ஐரோப்பியருக்கு உரியவை; சீனர், ஜப்பானியரிடம் அவை இல்லை, இந்தியரிடம் அரிது. இருபதே ஆண்டில் மரபணு மாறுவதுமில்லை. மரபு துப்பாக்கியில் குண்டு நிரப்பியிருக்கலாம்; விசையை இழுத்தது வேறு ஏதோ.

இந்த இடத்தில் கோலாலம்பூருக்கே உரிய ஒரு பழைய பாடம் நினைவுக்கு வர வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஈயச் சுரங்கச் சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. பக்கத்துத் தோட்டத் தமிழர்களை அது ஏறக்குறைய தொடவேயில்லை. இனத்தின் குணம் என்று சொல்லி முடித்துவிடுவது அன்றைக்கும் எளிதாக இருந்தது. லியனார்ட் பிராடன் என்ற மருத்துவர் சாப்பாட்டைப் பார்த்தார்: சீனர்கள் தீட்டிய வெள்ளையரிசி, தமிழர்கள் புழுங்கலரிசி. 1905இல் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசியும் மறு கூட்டத்துக்குப் புழுங்கலரிசியும் போட்டார். நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறதோ என்று இரு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். பெரிபெரி வெள்ளையரிசிக் கூட்டத்தைத்தான் துரத்தியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருந்த பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. ஒப்புதல் கேட்காமல் விடுதி நோயாளிகள்மீது நடத்திய அந்தச் சோதனையை இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. அதன் பாடம் மட்டும் செல்லும். ஓரினத்தில் ஒரு நோய் கூடியோ குறைந்தோ இருந்தால், அந்த இனம் எப்படி வாழ்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், மூன்று தலைமுறையில் தோட்டத் தமிழர் வாழ்க்கை தலைகீழாகியிருக்கிறது. தாத்தாவுக்கு லயத்து வீடு, கிணற்றுத் தண்ணீர், வயிற்றில் புழு, தோட்டத்துக் கீரை. பேரனுக்கு அடுக்குமாடி, குழாய்த் தண்ணீர், காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக், லாரி இருக்கையில் பாக்கெட் உணவு, சிகரெட். புகைபிடித்தல் குரோன் நோயை மோசமாக்குவது உறுதியான செய்தி. குழந்தைப் பருவ ஆன்டிபயாட்டிக், நார் குறைந்து பதப்படுத்தல் மிகுந்த உணவு, மண்ணோடும் கிருமியோடும் பழகாத நோயெதிர்ப்பு ஆகியவை பலமான சந்தேக நபர்கள். ஆனால் மலாய்க்காரப் பேரனும் சீனப் பேரனும் இதே பாக்கெட்டைத்தான் பிரிக்கிறார்கள். வேறுபாட்டுக்குக் காரணம் மரபும் வாழ்க்கையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, மூன்று இனமும் ஒரே ஊரில், ஒரே வானத்தின் கீழ் வாழும் மலேசியாவைவிட நல்ல ஆய்வுக்களம் அமைவது கடினம்.

அதுவரை வயிற்றைச் சுமந்துகொண்டிருக்கும் மனிதருக்கு வேண்டியது சில நேரான அடையாளங்கள். மாதக்கணக்கில் நீளும் வலி, காரணமில்லாத எடையிழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, மலத்தில் இரத்தம், மாலைக் காய்ச்சல், ஆசனவாயைச் சுற்றி ஆறாத சீழ்ப்புண்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது காஸ்ட்ரிக் மாத்திரைப் பட்டையோடு முடிகிற விஷயமல்ல. ஸ்கோப் செய்யச் சொன்னால் தள்ளிப்போடக் கூடாது. காசநோய் மருந்து தொடங்கினால், முதல் நாளே மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: "டாக்டர், மறுபடி ஸ்கோப் எந்தத் தேதியில்?" உடம்பு தேறிவிட்டது என்று அந்தத் தேதியை ரத்து செய்பவர்களுக்குத்தான் குரோன் நோய் ஓசையில்லாமல் குடலைச் சுருக்க அவகாசம் கிடைக்கிறது.